கொல்லைப்புறக் கொட்டகைக்கும் அனுமதி வேண்டும்

தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலத்தில், அடுப்படியை நீட்டுவதானாலும் ஆட்டுக்கொட்டகை போடுவதானாலும் துரையின் சொல்லே சட்டமாக இருந்தது. இன்று நம்மவர்களில் பலர் சேமநிதிப் பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டுச் சொந்த நிலத்தில் தாமே வீடு கட்டி வாழ்கின்றனர். மகிழ்ச்சிக்குரிய முன்னேற்றம்! ஆயினும், "என் நிலம், என் காசு, கேட்பதற்கு யார்?" என்ற எண்ணமும் கூடவே வளர்ந்திருக்கிறது. அந்த எண்ணம் நம்மைக் கவிழ்த்துவிடும்.

தீபகற்ப மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றி எவரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. கட்டடம் என்றால் கல்வீடு மட்டுமல்ல. குடிசை, கொட்டகை, வேலி, மதில் அத்தனையும் அச்சட்டத்தின் கண்ணில் கட்டடமே. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டமும் அனுமதி கேட்கிறது. வீட்டின் உட்புறத்தில் மட்டும் செய்யும் பழுதுபார்ப்புக்கு விலக்கு உண்டு. ஆனால் உயரமோ தரைப்பரப்போ கூடினால் விலக்கு இல்லை. கொல்லையில் புதிதாக ஒரு சாமான் அறை எழுப்பினால் பரப்பு கூடத்தானே செய்யும்? அச்சட்டத்தை மீறினால் தண்டத்தின் உச்சவரம்பு ஐந்து இலட்சம் வெள்ளி, சிறையும் உண்டு. கட்டியதை இடிக்க உத்தரவிடும் அதிகாரமும் மன்றத்துக்கு இருக்கிறது.

சட்டம் ஏழையை வாட்டுவதற்கே வந்தது என்று கூறுவது சரியன்று. மலக்குழியின் மேல் கொட்டகை போட்டால் குழியை எப்படிச் சுத்தம் செய்வது? கால்வாயை அடைத்துச் சுவர் வைத்தால் அண்டை வீட்டில் வெள்ளம் புகாதா? வேலியை ஒட்டி விறகு அடுப்பு வைத்தால் தீ யார் வீட்டைத் தொடும்?

ஆனால் மன்றங்களுக்கும் கடமை உண்டு. நாட்கூலி வாங்கும் தொழிலாளி ஒருமுறை அலுவலகம் ஏறி இறங்கினால் ஒரு நாள் சம்பளம் போகிறது. "அந்தத் தாள் இல்லை, நாளை வா" என்று மூன்று முறை அலைக்கழித்தால் மூன்று நாள் கூலி போய்விடும். அதற்கு மேல் பிளான் வரைபவரின் கூலி வேறு. ஆகவே, தேவையான தாள்களின் பட்டியலை முதல் நாளிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும், சிறு கொட்டகைகளுக்கு மாதிரிப் பிளான் வழங்க வேண்டும் என்றும் கேட்கிறோம். இது சலுகையன்று, நியாயம்.

தோழர்களே! முதலில் நிலப்பட்டாவில் நிலம் என்ன வகையென்று பாருங்கள். பிறகு மன்றத்தின் திட்டப் பகுதியில் கேளுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை ஒரு தகரம்கூட வாங்காதீர்கள். "ஆபீசரை எனக்குத் தெரியும்" என்பவனிடம் காசு கொடுக்காதீர்கள். கட்டும் பணத்துக்கெல்லாம் ரசீது கேளுங்கள். திட்ட அனுமதி கிடைத்து 12 மாதத்திற்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகும். மறுத்தால், ஒரு மாதத்திற்குள் மேல்முறையீட்டு வாரியத்திடம் முறையிட வழியுண்டு.

கிராணிமாருக்கும் ஒரு சொல். பாரம் நிரப்புவது நமக்கு அரைமணி வேலை. பால்மரம் வெட்டும் தோழருக்கோ அது மலை. ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் வாரத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கட்டும். உழைத்துச் சேர்த்த பணத்தில் எழும்பிய சுவர் ஒரு கடிதத்தால் இடிபடக் கூடாது.