பேரிங் எண்ணைப் பெட்டியிலேயே அச்சிடுங்கள்

ரிமோட்டில் ஓடும் மாடல் டிரக் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகள் கேட்பார்கள். எவ்வளவு வேகம் போகும், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், தண்ணீரில் ஓட்டலாமா. சக்கரத்தில் என்ன பேரிங் போட்டிருக்கிறார்கள் என்று கேட்பவர் அரிது. பெட்டியின் மேலும் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. மண்ணிலும் சேற்றிலும் ஓடும் வண்டி மக்கர் செய்யத் தொடங்கும் இடமோ பல நேரம் அதுதான்.

அமெரிக்காவின் டிராக்ஸஸ் நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த ‘ஸ்லாஷ்’ வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அசல் பந்தய டிரக்கின் பத்தில் ஒரு பங்கு அளவு, எடை சுமார் 2 கிலோ. உலகெங்கும் விற்கும் இந்த வண்டியின் சக்கரங்களைத் தாங்கும் பேரிங்கின் உள் விட்டம் 5 மி.மீ., வெளி விட்டம் 11 மி.மீ., அகலம் 4 மி.மீ. சட்டைப் பொத்தான் அளவுதான். இதற்குள் உள்வளையம், வெளிவளையம், இடையே ஓடும் எஃகுக் குண்டுகள், அவற்றை இடைவெளி விட்டுப் பிடித்துக்கொள்ளும் கூண்டு, கொஞ்சம் கிரீஸ் என அத்தனையும் அடக்கம்.

இந்தப் பொத்தான் செய்யும் வேலை சாதாரணமானதல்ல. ஒரு மீட்டர் விட்டமுள்ள டயரோடு நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் சரக்கு லாரியின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 425 சுற்று சுற்றும். சுமார் 11 செ.மீ. டயர் கொண்ட மாடல் டிரக் 48 கி.மீ. வேகம் எடுத்தால், அதன் சக்கரம் நிமிடத்துக்கு 2,300 சுற்றைத் தாண்டிவிடும். மேட்டிலிருந்து பாய்ந்து தரையில் விழும்போது மொத்த அடியும் இந்தச் சின்னக் குண்டுகள் மேல்தான் இறங்குகிறது.

ஆனாலும் பேரிங்கைக் கொல்வது வேகம் அல்ல. இந்த அளவு பேரிங்குகள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. உண்மையான எதிரிகள் தூசி, தண்ணீர், பக்கவாட்டு அடி ஆகிய மூன்றும்தான். நுண்ணிய மணல் உள்ளே போய் கிரீஸில் கலந்தால், கிரீஸே குண்டுகளை அரைக்கும் பசையாக மாறிவிடும். தண்ணீர் கிரீஸைக் கழுவிவிட்டுத் துருவை உண்டாக்கும். சக்கரம் கல்லில் மோதும்போது குண்டுகள் வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் போடும். அழகுக்காகப் பெரிய டயர் மாட்டுபவர்களும், சக்கரத்தை வெளியே தள்ளும் அகல ஹப் போடுபவர்களும் இந்தச் சுமையைத் தாங்களே கூட்டிக்கொள்கிறார்கள்.

பேரிங் போவதோடு விஷயம் முடிந்துவிடுவதும் இல்லை. முதலில் சக்கரத்திலிருந்து ‘கரகர’ என்று சத்தம் வரும். பிறகு சக்கரம் ஆடத் தொடங்கும். கவனிக்காமல் ஓட்டினால் ஒருநாள் பேரிங் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஆக்ஸில் உள்வளையத்தோடு சேர்ந்து சுற்றாமல் அதற்குள்ளேயே உரசிச் சுற்றும். உராய்வில் சூடேறி, பேரிங் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் ஹப் இளகிவிடும். ஓட்டை பெரிதாகிவிட்டால் புதுப் பேரிங் போட்டாலும் நிற்காது. ஹப், ஆக்ஸில், பேரிங் மூன்றையும் மாற்ற வேண்டியதுதான். இறுகிய சக்கரத்தை இழுக்க மோட்டார் கூடுதல் மின்சாரம் வாங்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி சூடாகும். பேட்டரி சீக்கிரம் தீரும். அப்போது பலர் மோட்டாரைத்தான் குறை சொல்வார்கள்.

இதில் தயாரிப்பாளர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஜப்பானின் ஷிசுவோகாவைச் சேர்ந்த தமியா, 1976-இல் போர்ஷே 934 காரோடு ரிமோட் வண்டி உலகுக்குள் வந்த நிறுவனம். அதன் ‘லஞ்ச் பாக்ஸ்’ வேன் 1987-இல் வந்து, 2005-இல் மறுபடியும் விற்பனைக்கு வந்தது. இத்தகைய தொடக்கநிலைப் பெட்டிகள் பலவற்றில் பால் பேரிங் இருக்காது. பிளாஸ்டிக் அல்லது உலோகப் புஷ்தான் இருக்கும். குண்டு இல்லாத வெறும் வளையம் அது. மண்ணில் ஓடினால் தேய்ந்து ஓட்டை கோணலாகிவிடும். விலையைக் குறைக்க இது உதவுகிறது என்பது உண்மைதான். அப்படியென்றால், ‘புஷ் போட்டிருக்கிறோம், பேரிங் மாற்றிக்கொள்வது நல்லது’ என்று பெட்டியிலேயே சொல்வதுதான் வாங்குபவருக்குச் செய்யும் நியாயம்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லும் ஆசைகாட்டி ஏமாற்றுகிறது. அது பெரும்பாலும் மின்னணுக் கருவிகளைப் பற்றிய உறுதி மட்டுமே. எஃகுப் பேரிங்குக்குத் தண்ணீர் எப்போதும் தண்ணீர்தான். ஈரத்தில் ஓட்டிய பிறகு பராமரிப்பு அவசியம் என்று டிராக்ஸஸின் கையேடே சொல்கிறது. ஆனால் கடையில் எல்லோர் கண்ணிலும் படுவது பெட்டியின் மேலுள்ள பெரிய எழுத்து. கையேட்டின் உள்பக்கம் யார் கண்ணிலும் படுவதில்லை.

கொஞ்சம் அனுபவம் வந்தவர்கள் செராமிக் பேரிங் பக்கம் போகிறார்கள். மாடல் டிரக்கின் சக்கரத்துக்கு இது வீண் செலவு. சந்தையில் செராமிக் என்று விற்பவற்றில் பெரும்பாலும் குண்டுகள் மட்டுமே சிலிக்கான் நைட்ரைடு, வளையங்கள் எஃகுதான். குண்டு துருப்பிடிக்காது, வளையம் பிடிக்கும். மணல் புகுந்தால் இரண்டுக்கும் ஒரே கதிதான். இருபுறமும் ரப்பர் சீல் வைத்த சாதாரணப் பேரிங் சேற்றில் ஓடும் வண்டிக்கு எவ்வளவோ மேல். உலோக மூடி போட்ட பேரிங்கில் மூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். தூசி நுழைய அது போதும். ரப்பர் சீல் வளையத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் உராய்வு சற்றுக் கூடும். சக்கரத்தின் வேகத்தில் அது ஒரு பொருட்டே அல்ல.

பேரிங்கைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வண்டியைத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ ஹப்போ தேய்ந்திருக்கிறது. பிறகு பேரிங்கைக் கழற்றி, உள்வளையத்தை விரலில் பிடித்துக்கொண்டு வெளிவளையத்தை மெதுவாகச் சுற்ற வேண்டும். நல்ல பேரிங் வழுக்கிக்கொண்டு சுற்றும், போனது நறநறக்கும். லேசாக நறநறத்தால் காப்பாற்றிவிடலாம். ரப்பர் சீலை அதன் உள்விளிம்பில் குண்டூசியால் மெல்ல நெம்பி எடுத்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, புது கிரீஸ் வைத்துச் சீலை மூட வேண்டும். பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்பிரே எண்ணெய் தண்ணீரை விரட்டும். ஆனால் நீடித்து நிற்காது, கிரீஸுக்கு அது மாற்றாகாது. கழுவிய பிறகும் எங்காவது தட்டினால் அந்தப் பேரிங்கைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஒரே சக்கரத்தின் இரண்டு பேரிங்கையும் சேர்த்து மாற்றுவதே முறை. புதியதை ஹப்புக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போகும். பேரிங் பிறக்கும்போதே காயப்பட்டுவிடும்.

அடுத்த சிக்கல் சரியான பேரிங்கைத் தேடிப் பிடிப்பது. ஸ்லாஷில் இருக்கும் அளவுக்குத் தொழில்துறையில் எம்.ஆர். 115 என்று பெயர். எண்ணிலேயே விவரம் இருக்கிறது: 11 வெளி விட்டம், 5 உள் விட்டம். தமியா இதே அளவை 1150 என்கிறது. பெயரோடு 2ஆர்.எஸ். என்று இருந்தால் இருபுறமும் ரப்பர் சீல், இசட்.இசட். என்று இருந்தால் இருபுறமும் உலோக மூடி. எம்.ஆர். 105 பார்வைக்கு ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். வெளி விட்டம் 10 மி.மீ. என்பதால் ஹப்பில் லொடலொடக்கும். எண் தெரிந்தவர் உள்ளூர் பேரிங் கடையில் கேட்டுப் பார்க்கலாம். தெரியாதவர் வெளிநாட்டிலிருந்து முழு உதிரிபாகப் பொட்டலத்தை வரவழைக்கிறார், அல்லது வண்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்.

இந்தியாவில் இது பணக் கேள்வியும்கூட. பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. 2023-இல் 70 ஆனது. அவ்வளவு கொடுத்து வாங்கிய வண்டியைச் சின்னப் பேரிங் ஒன்றுக்காக முடக்குவது அநியாயம். பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் மத்திய அரசு இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளோடு அது தொடங்கியது. விளையாட்டு வண்டிகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இடம் தர வேண்டும். கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு பிள்ளைக்கு இந்த வண்டியைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது கடினம்.

தயாரிப்பாளர்களிடமும் இறக்குமதியாளர்களிடமும் கேட்பது பெரிய சலுகை ஒன்றுமில்லை. வண்டியில் இருப்பது புஷ்ஷா பேரிங்கா, பேரிங் என்றால் அதன் எண் என்ன, ரப்பர் சீலா உலோக மூடியா, எத்தனை உள்ளன என்ற விவரத்தை வேகத்தை எழுதும் அதே பெரிய எழுத்தில் பெட்டியின் மேல் அச்சிடுங்கள். வாங்குபவர்களும் அடுத்த முறை கடைக்குப் போகும்போது, வேகத்தைக் கேட்பதற்கு முன் பேரிங் எண்ணைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார்.