நிராகரிக்கத் தெரிந்த ரசிகன்

மங்கோலியாவுக்குப் போகிறவன் ஓபரா பார்க்கக் கூடாது என்பது ஒரு வேதவாக்காகவே நிலைபெற்றுவிட்டது. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள், ஊர் திரும்பி நண்பர் கூட்டத்தில் பேசுகிறவர்கள், கையேட்டைப் புரட்டிவிட்டு அபிப்பிராயம் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் இதில் ஒரே குரல். வெர்டியைக் கேட்க இத்தாலி இருக்கிறது, சைகோவ்ஸ்கியின் பாலேயைப் பார்க்க மாஸ்கோ இருக்கிறது, உலான்பாத்தரில் நடப்பது ருஷ்யர்கள் கழற்றிப் போட்டுப் போன பழைய கோட்டு, அசல் மங்கோலியா வேண்டுமானால் குதிரைத்தலைப் பிடிலும் தொண்டைப்பாட்டும் நடக்கும் கொட்டகைக்குப் போ என்கிறார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்நிய ஆதிக்கத்துக்கு எதிரான ஒரு வாசனைகூட இதில் அடிக்கிறது. ஆனால் இதைவிடச் சோம்பேறித்தனமான ரசனை வேறில்லை என்பது என் கட்சி. கலையைப் பிறந்த ஊரை வைத்துத் தரம் பிரிப்பது ரேஷன் கார்டு பார்க்கிறவனின் வேலை; விமர்சகனின் வேலை அல்ல.

முதலில் அந்த 'அசல்' எப்படி வந்து சேர்கிறது என்று பார்ப்போம். கோடையில் பயணிகளுக்காக நடக்கும் நிகழ்ச்சி ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள் மோரின் ஹூர் என்ற இரட்டைத் தந்திப் பிடில் வாசிக்கப்படும். ஒரே தொண்டையிலிருந்து அடிநாதமும் அதன் மேல் சீழ்க்கைபோல் ஒரு மெட்டும் எழும் ஹூமீ பாடப்படும். உர்தின் தூ என்ற நெடும்பாட்டு ஒன்று வரும். பீயல்கீ நடனம் வரும். ஒரு பெண் தன் உடலை வில்லாய் வளைத்துக் காட்டுவாள். முகமூடி தரித்த த்ஸாம் நடனம் வரும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு வாத்தியக் கோஷ்டி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல், அதுவும் ஒரே அளவு கைதட்டல். இந்த ஒரே அளவுதான் எனக்கு உறுத்துகிறது. நல்ல ஹூமீ எது, சுமாரான ஹூமீ எது என்று அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இவை தத்தம் இடத்தில் எப்படி இருந்தவை? நெடும்பாட்டில் ஓர் அசை நீண்டு, வளைந்து, உடைந்து, மறுபடி எழுந்து, பத்துச் சொற்களுக்குள் நாலு நிமிஷம் ஓடிவிடும். கல்யாணத்தில், புதுக் கூடாரம் போடுகையில், குதிரைக் குட்டிகளுக்குச் சூடு போடும் நாளில், நாதாம் திருவிழாவில் பாடுவார்கள். கேட்கிறவன் அதே பாட்டைத் தன் தகப்பன் பாடிக் கேட்டவன். மூச்சு எங்கே வாங்க வேண்டும், எங்கே வாங்கினால் அவமானம் என்று அறிந்தவன். பீயல்கீயின் கதை இன்னும் தெளிவானது. கெர் என்னும் கம்பளிக் கூடாரத்துக்குள் அடுப்பைச் சுற்றி மிஞ்சும் குறுகலான இடத்தில் ஆடியது அது. இடம் இல்லை, ஆகவே ஆடுகிறவர் பாதி உட்கார்ந்தோ சம்மணமிட்டோ, தோளாலும் கையாலும் மணிக்கட்டாலுமே ஆடினார். பால் கறப்பதும் வீட்டு வேலையும் அந்தக் கைகளில் வந்தன. அந்த நெருக்கடிதான் அந்த நடனத்தின் இலக்கணம். அதை அகலமான மேடையில் ஏற்றி, வரிசையாக நிறுத்தி, விளக்குப் போட்டால், எஞ்சுவது அங்க அசைவுகளின் பட்டியல்.

த்ஸாம் விஷயம் வேறு ரகம். அது பௌத்த மடங்களின் சடங்கு; பகல் முழுக்க நீளக்கூடியது. 1937லிருந்து 1939 வரை நடந்த களையெடுப்பில் பல்லாயிரம் லாமாக்கள் கொல்லப்பட்டார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட மடங்கள் அழிந்தன. ஆடியவர்களோடு ஆட்டமும் போயிற்று. 1990க்குப் பிறகுதான் மடங்களில் அதற்கு மறுஜன்மம். இந்தச் சடங்கை உடல் வளைக்கும் வித்தைக்கும் வாத்தியக் கோஷ்டிக்கும் நடுவே ஐந்து நிமிஷம் செருகிவிட்டு, இதுதான் ஐயா மரபு என்று சொன்னால், சொல்கிறவனை மன்னிக்கலாம், அவனுக்கு வயிறு இருக்கிறது. நம்பிக்கொண்டு வந்து எழுதுகிறவனை மன்னிக்க முடியாது.

இன்னொரு விஷயமும் இவர்கள் கண்ணில் படுவதில்லை. ஓபரா இரவல், பிடில் சொந்தம் என்று கோடு கிழிக்கிறார்களே, அந்தப் பிடிலையே எடுத்துக்கொள்வோம். மோரின் ஹூரின் வயிறு முன்பு தோலால் மூடியிருந்தது. வறண்ட காற்றிலும் ஈரக் காற்றிலும் அதன் சுருதி இறங்கும், ஏறும். 1960களில் யாரோவோய் என்ற ருஷ்ய வாத்தியக் கைவினைஞர் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து அதற்கு மரப்பலகை மூடி, வயலினில் இருப்பது போன்ற துளைகளை வெட்டினார். ஒலி பெருத்தது, சுருதி நின்றது, பெரிய அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் எட்டியது. இன்று மேடையில் பார்க்கிற 'ஆதி' வாத்தியம் இதுதான். ஹூமீயும் மலையடிவாரத்து மேய்ப்பர்களிடமிருந்து அரசுக் கச்சேரி மேடைக்கு வந்தது 1950களில்தான். நாட்டுப்புறக் கலைக்கு அரசுக் குழு அமைத்த அதே கைதான் ஓபராவுக்கும் அரங்கம் கட்டியது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றுக்குத் தேல் அங்கியும் மற்றதற்குக் கோட்டும் மாட்டிவிட்டு, ஒன்று வேர், மற்றது ஒட்டு என்கிறார்கள்.

ஓபராவின் கை சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. சுக்பாத்தர் சதுக்கத்தின் ஓரத்தில் தூண்கள் தாங்கி நிற்கும் அந்த அரங்கத்தை 1940களின் பிற்பாதியில் எழுப்பியதில் ஜப்பானியப் போர்க்கைதிகளின் உழைப்பு இருக்கிறது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மங்கோலியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. மடங்களை இடித்த அரசுதான் இதைக் கட்டியது. 1963ல் அது ஓபராவுக்கும் பாலேக்குமான தனி அரங்கமாயிற்று. திறப்பு நிகழ்ச்சி சைகோவ்ஸ்கியின் 'யூஜின் ஒனேகின்'. நாகரிகம் என்பது மேற்கிலிருந்து மாஸ்கோ வழியாக வருகிற சரக்கு என்ற நம்பிக்கை அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு தூணிலும் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் ஒரு கலையின் பிறப்புச் சான்றிதழைப் படித்து முடித்த பிறகும் அதன் வாழ்க்கை பாக்கி இருக்கிறது.

அந்த வாழ்க்கை கட்டடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. நாத்ஸக்தோர்ஜ் நவீன மங்கோலிய இலக்கியத்தின் முதல் பெயர். 1920களில் லெனின்கிராடிலும் ஜெர்மனியிலும் படித்தவர். 1932ல் சொந்த அரசாலேயே கைதானவர். 1937ல் முப்பது வயதில் செத்தவர். 1934ல் அவர் 'மூன்று சோகக் குன்றுகள்' என்ற இசைநாடகத்தை எழுதினார். ஏழைக் காதலர் இருவரை ஒரு பிரபு பிரிக்கிற கதை. பாட்டுக்கள் நாட்டு மெட்டுக்களில். 1942ல் தம்தின்சுரேனும் ஸ்மிர்னோவ் என்ற ருஷ்யரும் சேர்ந்து அதை ஓபராவாக்கினார்கள். இன்றுவரை அந்த அரங்கத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. பிரபுக்களைத் திட்டுவதற்காக அரசு அதை வளர்த்தது என்று சொல்லலாம். அந்த அரசு 1990ல் போயிற்று. பிரபுக்கள் அதற்கும் முன்பே போய்விட்டார்கள். நாடகம் போகவில்லை. ஏன்? தாத்தா காலத்திலிருந்து மெட்டு மனப்பாடமான ஒரு கூட்டம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்கிறது. நாயகி ஓரிடத்தில் சுருதி தவறினால் அந்த வரிசைகளில் ஓர் அசைவு ஓடும். அந்த அசைவை உண்டாக்கத் தெரிந்தவர்கள் இருக்கிற இடத்தில்தான் கலை இருக்கிறது.

வேண்டாம் என்று உதறிவிட அவர்களுக்கு 1990ல் நல்ல சந்தர்ப்பம் வாய்த்தது. உதறவில்லை. சோஷலிச அரசின் காலத்தில் வாய்விட்டுப் புகழ முடியாதிருந்த செங்கிஸ்கானைப் பாடவேண்டும் என்று தோன்றியபோது, ஷராவ் என்ற இசையமைப்பாளர் 2003ல் தேர்ந்துகொண்ட உருவம் ஓபராதான். 2015ல் சைகோவ்ஸ்கி பெயரால் நடக்கும் போட்டியில் எல்லாப் பிரிவுகளுக்கும் சேர்த்த உச்சப் பரிசை வாங்கியவர் அரியுன்பாத்தர் கன்பாத்தர். மேய்ப்பர் குடும்பத்திலிருந்து வந்தவர். இரவல் வாங்கினவன் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டான். இன்னும் அதைக் கடன் என்றே எழுதிக்கொண்டிருப்பது கணக்குத் தெரியாதவன் வேலை.

பாலேயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு இன்னும் இப்படி ஒரு சொந்தக் கதை வேரூன்றியதாக எனக்குத் தோன்றவில்லை. அன்னப் பறவைகள் அன்னப் பறவைகளாகவே இருக்கின்றன. ஆனாலும் அங்கே உள்ளூர்த் தாய்மார்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பயணிக்காக ஒரு அன்னமும் கழுத்தைத் திருப்புவதில்லை. அதுவே பெரிய விஷயம்.

மேடையே கலைக்கு எதிரி என்று வாதிடுகிறேனா? இல்லை. நொரோவ்பன்ஸாத் (1931–2002) நெடும்பாட்டை மேடைக்குக் கொண்டுபோனவர். 1957ல் மாஸ்கோ இளைஞர் விழாவில் தங்கப் பதக்கம் வாங்கியவர். எந்த மேடையில் நின்றாலும் அவர் காதில் ஒரு கோபிக் கிராமம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அதை ஏமாற்ற முடியாது. மேடை மாறலாம். கேட்பவன் காணாமல் போவதுதான் ஆபத்து.

மிகக் கறாரான ரசிகனும் மங்கோலியாவில்தான் இருக்கிறான். அவன் மனிதன் அல்ல. கோபிப் பாலையில் தாய் ஒட்டகம் சில சமயம் தன் கன்றைச் சேர்க்காது, பால் கொடுக்காது. அப்போது பிடிலோ குழலோ கொண்டுவந்து, ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப மெட்டாக்கிப் பாடுவார்கள். மணிக்கணக்கில் பாடுவார்கள். ஒட்டகத்தின் மனம் இளகிக் கன்றைச் சேர்த்துக்கொண்டால் பாட்டு பலித்தது. இல்லையென்றால் இல்லை. 2003ல் ஒரு திரைப்படம் இதை உலகத்துக்குக் காட்டியது. 2015ல் யுனெஸ்கோ உடனடியாகக் காக்க வேண்டிய கலைகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த ஒட்டகத்துக்குப் பட்டியல் தெரியாது. மரியாதைக்குக் கைதட்டத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஏற்பதும் மறுப்பதும்தான். ஒரு கலைக்கு வேண்டிய ரசிகனின் முழு லட்சணமும் அதில் அடங்கிவிடுகிறது.

வங்கிக் கௌண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது புதிய தத்துவம் அல்ல. நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து 'இது செல்லாது' என்று சொல்லத் தெரிந்தவன் எதிரில் இருக்கும்வரைதான் நல்ல நோட்டுக்கு மதிப்பு. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறவனிடம் நல்ல நோட்டும் கள்ள நோட்டும் ஒன்றுதான்.

பயணிகளுக்கான நிகழ்ச்சி கலைஞனுக்குச் சோறு போடுகிறதே என்பார்கள். போடட்டும். அவனை நான் குறை சொல்லவில்லை. வருஷக் கணக்கில் சாதகம் செய்த தொண்டையை நாள் தவறாமல் அந்நியர் முன் திறந்து காட்டுவதன் அலுப்பு அவனுக்குத்தான் தெரியும். என் சண்டை, அந்தச் சோற்றுக்கடையைக் கோயில் என்று எழுதுகிற பேனாக்களோடு. யுனெஸ்கோ பட்டியல்கள் பாடுகிறவனைக் காப்பாற்றலாம். கேட்கிறவனை எந்தப் பட்டியலும் உற்பத்தி செய்ததில்லை.

இந்தப் பேனாக்கள் நம் சூழலில் பழகியவை என்பதால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து வயலினைத் தரையில் உட்கார்ந்து, மார்புக்கும் கணுக்காலுக்கும் நடுவே நிறுத்தி, நம் கமகத்துக்கு வளைத்து வாசித்துக்கொண்டிருக்கிறோம். அதை இரவல் என்று எவரும் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். அதே மனிதர் உலான்பாத்தரில் ஓபராவைக் கண்டதும் மண்வாசனைக்காரர் ஆகிவிடுகிறார். தனக்குச் சரித்திரம் உண்டு, கலந்து மாறி வளர உரிமை உண்டு. மற்றவன் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் கூடாரமும் குதிரையுமாக அப்படியே நிற்க வேண்டும். வெள்ளைக்காரப் பயணி நம்மைப் பார்த்த பார்வையைக் கடன் வாங்கிக்கொண்டு போய் மங்கோலியனைப் பார்க்கிறோம். இரவல் என்றால் அதுதான் இரவல்.

பிறகு பயணி எதைத்தான் பார்ப்பது? தான் வராவிட்டாலும் நடக்கிற எதையும் பார்க்கட்டும். ஓபராவின் பருவத்தில் போனால் அந்த மக்களின் நடுவே ஓர் இருக்கையில் உட்காரட்டும். நாதாம் நாளில் போனால் பந்தயத்துக்கு முன் சிறுவர்கள் தங்கள் குதிரைகளுக்குப் பாடும் கீங்கோவைக் கேட்கட்டும். அது அவனுக்கான பாட்டு அல்ல, குதிரைக்கான பாட்டு. புரியாது. புரியாமல் இருக்கட்டும். தனக்குப் புரியும்படி ஒரு மணி நேரத்தில் சுருக்கித் தரப்பட்டதைவிட, தன்னைப் பொருட்படுத்தாத ஒன்றின் முன் வாயை மூடிக்கொண்டு உட்கார்வது மேல். அப்படி உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுங்கள், படிக்கிறோம்.