தொந்தியும் தலைவிதியும்

நமது நாட்டில் ஒரு மனிதனுக்குத் தொந்தி விழுந்துவிட்டால் அதற்கு வழக்கமாய் மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, "அவர் பரம்பரை வாகு". இரண்டு, "லட்சுமி கடாட்சம்". மூன்று, "தலையில் எழுதினது". அந்தத் தொந்திக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தால் உடனே நாலாவது காரணமாகக் "கண் திருஷ்டி" வந்துவிடும். அவர் என்ன தின்கின்றார், எவ்வளவு நடக்கின்றார் என்கின்ற இரண்டு சாதாரணக் கேள்விகளை மாத்திரம் கேட்பார் கிடையாது.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. தாய் தந்தையர் உடல்வாகு பிள்ளைகளுக்கு வருவது மெய்தான். ஆனால் தலையெழுத்தைப் பற்றி ஒரு கணக்குக் கேட்கின்றோம். சர்க்காரின் தேசிய குடும்ப நல ஆய்வில், 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 31 பேர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்களாயிருந்தார்கள். அதே ஆய்வை 2019-21-இல் எடுத்தபோது அது சுமார் 40 ஆகிவிட்டது. ஆண்களில் 28 என்பது 37 ஆயிற்று. அப்படியானால் இந்தச் சொற்ப வருஷத்திற்குள் பிரம்மதேவன் தன் எழுத்தாணியை மாற்றிக்கொண்டானா? அல்லது தமிழ்நாட்டுத் தலைகளுக்கு மட்டும் புதிதாய் ஒரு சட்டம் செய்தானா? பரம்பரைகூட ஐந்து வருஷத்தில் மாறாதே! மாறினது நமது சாப்பாடும், நமது வேலையும், நாம் உட்கார்ந்திருக்கும் நேரமுமேயாகும். மனிதனால் மாறினதை மனிதனால் மாற்றவும் முடியும் என்பதுதான் நாம் சொல்லுவது.

நிற்க, இந்த வியாதிக்கு ஒரு சமுதாயக் காரணமும் உண்டு. உடலால் உழைப்பவன் கீழ், உட்கார்ந்து தின்பவன் மேல் என்று ஏற்படுத்தி, அதற்குத் தர்மம் என்று பேரும் வைத்து, ஆயிரக்கணக்கான வருஷங்களாய் நம்மை நம்பவைத்திருக்கின்றார்கள். அதன் பலனாய் நாலு காசு சேர்ந்ததும் நம்மவன் முதலில் விடுவது நடையைத்தான். கடைத்தெரு கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் மோட்டார் சைக்கிளை உதைக்கின்றான். சாமானைத் தானே தூக்கி வந்தால் கௌரவக் குறைவு என்கின்றான். உட்கார்ந்திருப்பது பெருமை என்ற எண்ணம் வருணதர்மத்தின் எச்சில் என்பதை அவன் அறிவதில்லை.

அந்தப் பெருமையின் யோக்கியதை என்ன என்பதை 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்கின்ற ஆங்கில டாக்டர் வெளியிட்டார். லண்டனில் மாடி பஸ்களில் ஓட்டுகின்ற டிரைவர்களையும், டிக்கட் கொடுக்கின்ற கண்டக்டர்களையும் அவரும் அவர் கூட்டத்தாரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே தரத்துக் குடும்பங்கள். ஆனால் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்குக் குறைவு. கண்டக்டர்கள் எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளவில்லை. அவர்கள் படி ஏறினார்கள், அவ்வளவுதான்.

ஊரைத் திருத்துமுன் நம் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்துக் கூட்டத்திற்குப் போனோம். பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு மைல் நடை. மேடை ஏறினதும் மூச்சு இரைத்து, ஐந்து நிமிஷம் வாய் திறக்க முடியவில்லை. தாயத்தை அறுத்தெறியச் சொல்லவந்த நாம், அப்போது வீட்டில் உடம்பை இளைக்கவைக்கும் பொடி என்று ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தோம்! "நடக்கவேண்டாம், பட்டினி வேண்டாம், முப்பது நாளில் பத்துக் கிலோ" என்று அதில் அச்சிட்டிருந்தது. முப்பது நாளில் இளைத்தது நம் பணப்பை ஒன்றுதான். அந்த டப்பாவுக்கும் தாயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று யோசித்தோம். தாயத்துக்குள் தகடு, டப்பாவுக்குள் பொடி. இரண்டுக்கும் மேலே நம் முட்டாள்தனம்!

தோழர்களே! இந்த வியாபாரம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. வயிற்றில் கட்டிக்கொண்டால் கொழுப்பு கரையும் என்று வார், குடித்தால் இடை சிறுக்கும் என்று கஷாயம், படித்தவனுக்கு இங்கிலீஷ் பெயரில் மாவு. வியர்த்தால் போவது தண்ணீர். ஒரு செம்பு குடித்தால் அந்த எடை திரும்ப வந்துவிடும். வயிற்றை மாத்திரம் குலுக்கினால் வயிற்றுக் கொழுப்பு மாத்திரம் கரைவதும் இல்லை. கொழுப்பு உடம்பு முழுவதிலிருந்தும் மெதுவாய்த்தான் குறையும். உடல் பருமனைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுத்து 1954-இலேயே மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்திருக்கின்றது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் அச்சட்டத்தின் அட்டவணையில் பருமனும் ஒன்று. சட்டம் ஏட்டில் இருக்கின்றது. விளம்பரம் சுவரில் இருக்கின்றது!

இனி பக்தர்களுக்கு ஒரு வார்த்தை. பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் சுற்றுகின்றீர்கள். மறுநாள் காலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டு, அடுத்த பௌர்ணமி வரையில் தெருமுனைக்கும் நடப்பதில்லை. அந்த 14 கிலோமீட்டரையும் நடந்தது யார்? மலையா? உங்கள் கால்களல்லவா? மாதத்தில் ஒரு நாள் மலையைச் சுற்றுகின்ற கால்களுக்குத் தினம் அரைமணி நேரம் ஊரைச் சுற்ற ஏன் முடியாது? அதுபோலவே "ஒருபொழுது" விரதமும். இராத்திரி சோறு இல்லையாம். ஆனால் இட்லி ஆறு, வடை இரண்டு, பாயசம் ஒரு டம்ளர்! அரிசியை அரைத்து ஆவியில் வைத்துவிட்டால் அது அரிசியல்லாமல் போய்விடுமா?

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். 2022-ஆம் வருஷ நிலையைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனத்தார் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் போதிய உடல் அசைவு இல்லாத ஆண்கள் நூற்றுக்கு 42, பெண்கள் 57. ஏன்? பெண் தனியாய் வெளியில் நடந்தால் "எங்கே போகிறாள்?" என்று தெரு கேட்கின்றது. ஓடினால் சிரிக்கின்றது. வயது வந்தவுடன் பள்ளிக்கூடத்துப் பந்தாட்டத்திலிருந்து நிறுத்திவிடுகின்றார்கள். பிறகு மிச்சமான சோறு வீணாகக் கூடாதென்று சட்டியை வழித்துச் சாப்பிடும் பொறுப்பும் அவள் தலையில். அடுப்படியில் நாளெல்லாம் நின்றாலும் அது உடம்புக்கு அலுப்பைத் தருமேயொழிய, இருதயத்துக்கு வேண்டிய வேக நடைக்கு ஈடாகாது. மேடையில் பெண் விடுதலை பேசுகின்ற தோழர்களைக் கேட்கின்றோம்: காலையில் அரைமணி நேரம் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொண்டு, உங்கள் வீட்டம்மாளை நடக்க அனுப்பியிருக்கின்றீர்களா?

சரி, ஆரம்பிப்பது எப்படி என்று கேட்பீர்கள். முதலாவது, நல்ல நாள் பார்க்காதீர்கள். ஆடி போகட்டும், தை பிறக்கட்டும் என்பதெல்லாம் சோம்பேறித்தனத்துக்குப் போட்ட விபூதி. ராகு காலத்தில் நடந்தாலும் கால் நடக்கத்தான் செய்யும்.

இரண்டாவது, நடந்தால் நெஞ்சு வலிக்கின்றவர்கள், இருதய நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலின் போடுகின்றவர்களுக்கு நடையால் சர்க்கரை திடீரென்று தாழக்கூடும். நீரிழிவுக்காரர் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது. தினம் பாதத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். நேர்த்திக்கடன் என்று வெறுங்காலோடு கொதிக்கின்ற ரோட்டில் நடந்து, உணர்ச்சியற்ற பாதம் புண்ணாகி, விரலை இழக்கின்றவர்களும் இருக்கின்றார்கள்.

மூன்றாவது, முதல் வாரம் தினம் பத்து நிமிஷம் நடந்தால் போதும். அடுத்த வாரம் பதினைந்து, அதற்கடுத்த வாரம் இருபது. இப்படியே அரைமணிக்கு வந்து வாரத்தில் ஐந்து நாள் நடந்தால், உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2020-இல் சொன்ன 150 நிமிஷக் கணக்கு சரியாகிவிடும். வேகம் எவ்வளவு? கூட வருபவரோடு பேச முடியவேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. இதற்குக் கடிகாரமும் வேண்டாம், குருவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். சுவரில் கையூன்றிப் பத்துத் தடவை தள்ளுங்கள். இதற்குக் காசு ஒன்றும் கிடையாது. முதல் நாளே இளவட்டத்தோடு போட்டியிட்டு முழங்காலைக் கெடுத்துக்கொள்ளுகின்றவன் மறுவாரம் படுத்துவிடுவான். அவனைவிட மெதுவாய் நடந்து ஒரு வருஷம் விடாதவனே கெட்டிக்காரன்.

நான்காவது, நடை மாத்திரம் எடையை அதிகம் குறைத்துவிடாது என்பதையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் எட்டுக் கரண்டி. சுமார் 130 கலோரி. எழுபது கிலோ மனிதன் அரைமணி நேரம் நடந்து செலவழிப்பதும் ஏறக்குறைய அவ்வளவே! நடந்துவிட்டுக் கடையில் டீயும் போண்டாவும் சாப்பிட்டால் கணக்கு என்னாகும்? ஆகையால் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். மாவுப் பொருளில் கிராமுக்கு 4 கலோரி, எண்ணெயில் 9. தட்டில் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கீரை, காய், பயறு, முட்டை, மீன் ஆகியவைகளை நிரப்புங்கள். பட்டினி கிடக்கவேண்டாம். வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தாலே தாராளம். எண்பது கிலோ மனிதன் நாலு கிலோ குறைத்தாலே சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இறங்கத் தொடங்கும்.

கடைசியாய் ஒன்று. பருத்தவரைப் பார்த்துப் பட்டப்பெயர் வைத்துச் சிரிப்பது சுயமரியாதைக்காரன் வேலையல்ல. பருமனுக்கு மருந்தும், சுரப்பிக் கோளாறும், இராத்திரி வேலையும், வறுமையும்கூடக் காரணமாகலாம். காய்கறியைவிடச் சர்க்கரையும் எண்ணெயும் மலிவாய்க் கிடைத்தால் ஏழை எதைத் தின்பான்? நடக்கப் பாதையும், விளையாட மைதானமும், அந்தி சாய்ந்தால் பெண்கள் பயமின்றிப் போக விளக்கும் இல்லாத ஊரில் "நடவுங்கள்" என்று உபதேசம் மாத்திரம் செய்வது, கிணறு இல்லாத தெருவில் குளிக்கச் சொல்லுவது போலாகும். கும்பாபிஷேகத்துக்கு வசூல் கேட்டு வருகின்றவர்களிடம் இதைக் கேளுங்கள். பஞ்சாயத்துக்கும் நகரசபைக்கும் மனுப் போடுங்கள்.

நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக இதில் ஒன்றையும் நம்பவேண்டியதில்லை, சோதித்துப் பாருங்கள். உங்களில் பலர் இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கின்றது. பேய் பிசாசு அண்டாமலிருக்கக் கட்டினது. தொந்தி பெருக்கப் பெருக்க அதைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு வருகின்றீர்களேயொழிய, அது பெருக்கத்தைத் தடுத்ததா? இன்று அதை அவிழ்த்து, தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி அளந்து ஒரு முடிச்சுப் போடுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரையும் முப்பத்தொன்றரையும் அங்குலம். இதைத் தாண்டினால் ஆபத்து என்பது டாக்டர்கள் நமது நாட்டாருக்கு வைத்திருக்கும் கணக்கு. மூன்று மாதம் நடந்து, சாப்பாட்டையும் திருத்திவிட்டு, அதே கயிற்றால் மறுபடி அளந்து பாருங்கள். முடிச்சு உள்ளே வந்திருந்தால், அந்தக் கயிறு பிறந்தது முதல் செய்த முதல் உபயோகமான வேலை அதுவாகத்தான் இருக்கும்.