வாக்குத்தத்தச் சீட்டும் தேவ சித்தமும்



இந்த டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆலய வாசலில் வாக்குத்தத்தச் சீட்டுத் தட்டு வைக்கப்படாது. சபைக் குழுவில் இதை அறிவித்தபோது சிலருடைய முகம் வாடிற்று. மூத்த அங்கத்தினர் ஒருவர், "ஐயா, ஜனங்களின் விசுவாசத்தைக் குலைக்கிறீர்கள்" என்றே சொல்லிவிட்டார். அவருக்கும் உங்கள் அனைவருக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காரணம், நாம் அடக்கம் பண்ணிய ஒரு சகோதரி. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன்; பெயர் வேண்டாம். அவருக்கு மார்பில் ஒரு கட்டி இருந்தது. மதுரையில் பார்த்த மருத்துவர் உடனே அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்றார். அந்தப் புத்தாண்டில் அவர் எடுத்திருந்த சீட்டிலோ சுகத்தை வாக்குப்பண்ணும் ஒரு வசனம் இருந்தது. போதாததற்கு வெளியூர் ஊழியர் ஒருவர், கத்தி உன் சரீரத்தைத் தொடாது என்று கர்த்தர் சொல்லுகிறார் எனத் தொலைபேசியில் உரைத்தார். சகோதரி எட்டு மாதம் காத்திருந்தார். பிறகு வேலூருக்குக் கொண்டுபோனபோது மருத்துவர்களால் செய்யக்கூடியது அதிகம் இருக்கவில்லை.

அந்த எட்டு மாதங்களில் நான் மூன்று முறை அவர் வீட்டுக்குப் போய் ஜெபித்தேன். மருத்துவமனைக்குப் போங்கள் என்று திட்டமாய்ச் சொல்லவில்லை. அவருடைய விசுவாசத்தை அசைத்துவிடுவேனோ என்று அஞ்சினேன். அந்தச் சீட்டை அச்சுக்குக் கொடுத்து, வெட்டி, தட்டில் அடுக்கி நீட்டியதும் என் கைதான். ஆகையால் வெளியூர் ஊழியர்மேல் மட்டும் பழிபோட்டு நான் விலகிக்கொள்ள முடியாது.

நம் ஊரில் அயலார் கோயில் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பதை அறிவீர்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாய்க் கட்டிவைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுவார்கள். இன்ன பூ வந்தால் சம்மதம், இன்ன பூ வந்தால் இல்லை. அதை நாம் மூடநம்பிக்கை என்கிறோம். நாம் செய்வது என்ன? பூவுக்குப் பதில் வசனம். அவர்களாவது பூவைப் பூவென்றே வைத்திருக்கிறார்கள். நாமோ ஜீவனுள்ள தேவனுடைய வார்த்தையைத் துண்டு துண்டாய் வெட்டிக் குலுக்குகிறோம். கோட்டையூரில் ஒரு மனை வாங்குவதென்றால் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று ஆறு மாதம் அலைகிறவர்கள், மகளைக் கொடுக்கும் காரியத்தில் ஒரு சீட்டை எடுத்து ஒரே நாளில் முடிவு செய்வதை இந்தச் சபையிலேயே பார்த்திருக்கிறேன்.

அதிகம் விரும்பி எடுக்கப்படும் சீட்டு எரேமியா 29:11 என்று நினைக்கிறேன். தேவன் நம்மைக்குறித்துச் சமாதானமான நினைவுகளை வைத்திருக்கிறார் என்னும் அந்த வசனம் நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அது யாருக்கு எழுதப்பட்டது? பாபிலோனுக்குச் சிறையாய்க் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. எழுபது ஆண்டுகள் அங்கேயே இருப்பீர்கள், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள் என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் எருசலேமைத் திரும்பக் காணாமலே மரித்திருப்பார்கள். வரும் ஆண்டில் பதவி உயர்வு என்று அந்த வசனத்துக்குப் பொருள் கொள்ள அதில் இடமில்லை. அதற்கு மூன்று வசனங்கள் முன்னே சென்று பாருங்கள்: உங்கள் நடுவிலிருக்கிற தீர்க்கதரிசிகளாலும் குறிகாரராலும் மோசம்போகாதிருங்கள் என்னும் எச்சரிப்பு இருக்கிறது. எட்டாம் வசனத்தை யாரும் சீட்டில் அச்சிடுவதில்லை. நானும் அச்சிட்டதில்லை.

வேதத்திலேயே சீட்டுப் போட்டார்களே என்று கேட்பீர்கள். போட்டார்கள். அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் மத்தியா அப்படித்தான் தெரிந்துகொள்ளப்பட்டான். அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் ஊற்றப்பட்டார். அதன்பின் அந்தப் புத்தகம் முடியுமட்டும் சபை ஒருமுறையேனும் சீட்டுப் போடவில்லை. பதினைந்தாம் அதிகாரத்தில் எருசலேமில் பெரிய சிக்கல் எழுந்தபோது கூடி உட்கார்ந்து தர்க்கித்தார்கள், சாட்சிகளைக் கேட்டார்கள், வேதவாக்கியத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். கிதியோனின் தோலைக் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவனுக்குக் கட்டளை ஏற்கெனவே தெளிவாய்க் கிடைத்திருந்தது. இரண்டாம் முறை தோலைப் போடும்போது, தேவன் தன்மேல் கோபங்கொள்ளக்கூடாதென்று அவனே கெஞ்சுகிறான்.

ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டிலிருந்த மொரேவிய சகோதரர் 1731 முதல் தினவசனப் புத்தகத்தை அச்சிட்டு வந்தார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள். பக்தியில் நம்மைவிடப் பல மடங்கு மேலானவர்கள். திருமணத்தையும் ஊழிய இடத்தையும் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. பிற்காலத்தில் அவர்களே அதைக் கைவிட்டார்கள். தினவசனத்தை விடவில்லை. எனக்கும் தினவசனத்தோடு வழக்கில்லை. வாசியுங்கள், தியானியுங்கள். அதைக் குறிசொல்லியாக்காதிருங்கள்.

அப்படியானால் கர்த்தர் இன்று வழிநடத்துவதில்லையா? நடத்துகிறார். அப்போஸ்தலர் 16இல் பவுலுக்கு ஆசியாவில் தடை, பித்தினியாவுக்குப் போகவும் தடை. துரோவாவில் இரவில் ஒரு தரிசனம். அதைக் கண்ட பவுல் தனியாய் மூட்டை கட்டவில்லை. "நாங்கள்" நிச்சயித்துக்கொண்டோம் என்கிறான் லூக்கா. அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்குப் பல துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தி முடிவுக்கு வருவது என்று பொருள். இறையியல் கல்லூரியில் தேர்வுக்காக அந்தச் சொல்லை மனப்பாடம் செய்தேன். அதன் பாரம் அந்தச் சகோதரியின் கல்லறையருகே நின்றபோதுதான் விளங்கிற்று. தடைகள், தரிசனம், உடன் ஊழியரின் விவேகம் எல்லாம் சேர்ந்தே அங்கே வழி தெரிந்தது. அந்த வழியில் போனவர்களுக்குப் பிலிப்பியில் கிடைத்தது அடியும் தொழுமரமும்.

வேலூர் மருத்துவமனை எப்படி வந்ததென்று நம்மில் பலருக்குத் தெரியும். ஆயினும் இந்த நோக்கில் ஒருமுறை யோசியுங்கள். மிஷனெரிக் குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர், தான் ஒருபோதும் மிஷனெரியாவதில்லை என்றிருந்தவர். நோயுற்ற தாயைக் கவனிக்கவே அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராய், பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். இருவர் இந்துக்கள், ஒருவர் இஸ்லாமியர். ஐடாவின் தகப்பனார் வைத்தியர். ஆனால் ஆண் வைத்தியரை அவர்கள் ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவில் ஐடாவின் கையில் சீட்டு எதுவும் இல்லை. கதவைத் தட்டிய அயலானின் கண்ணீரில் அவர் அழைப்பைக் கேட்டார். ஜெபித்தார். பிறகு கப்பலேறிப் போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்து பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தது. பெண்கள் வைத்தியமின்றிச் சாகக்கூடாதென்று அப்படி எழும்பிய இடத்துக்கு, நம் சகோதரி ஒரு சீட்டினிமித்தம் எட்டு மாதம் பிந்திப் போனார்.

கதவு திறந்தால் தேவ சித்தம், அடைத்தால் இல்லை என்ற பேச்சும் நம்மிடம் உண்டு. தேவகோட்டை வழியாய்க் கிழக்கே போனால் ஓரியூர் இருக்கிறது. நம் சபைப் பிரிவைச் சேர்ந்தவரல்லர் என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். இருந்தாலும் அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோவை நினையுங்கள். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டு, வதைக்கப்பட்டு, இனி இங்கே போதிக்கலாகாது என்ற எச்சரிப்போடு விடுதலையானார். ஐரோப்பாவுக்குப் போனவரைப் போர்ச்சுக்கல் மன்னர் தம்மிடத்தில் நிறுத்திக்கொள்ள விரும்பினார். ஒரு கதவு அடைத்திருந்தது, மற்றொன்று அகலத் திறந்திருந்தது. அவர் அடைத்த கதவண்டை திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் வெட்டுண்டார்.

கர்த்தர் சொன்னார் என்று தொலைபேசியில் உரைக்கும் ஊழியரைக் குறித்தும் சொல்லிவிடுகிறேன். எரேமியா 28இல் அனனியா கர்த்தரின் நாமத்தில்தான் பேசினான், இரண்டே ஆண்டில் விடுதலை என்றான், ஜனங்களுக்கு இனிப்பாயிருந்தது. அவன் அந்த வருஷத்திலேயே செத்தான். உங்களிடம் அப்படி ஒருவர் உரைத்தால், ஐயா, இதை எங்கள் போதகர் முன்பாகவும் வைத்தியர் முன்பாகவும் சொல்லுவீர்களா என்று கேளுங்கள். தொலைபேசி எவ்வளவு சீக்கிரம் துண்டிக்கப்படுகிறதென்று பாருங்கள்.

டிசம்பர் 31 இரவு தட்டுக்குப் பதிலாக எரேமியா 29ஆம் அதிகாரம் முழுவதையும் உரக்க வாசிப்போம். வேதாகமத்தைக் கொண்டுவாருங்கள். வீடு, வேலை, கலியாணம் என்று தீர்மானிக்கவேண்டிய காரியம் உள்ளவர்கள், குடும்பமாய் உட்கார்ந்து பேச, ஜனவரி முழுவதும் மாலையில் போதகர் இல்லத்துக்கு வரலாம். மூப்பர் இருவர் உடனிருப்பார்கள். ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த தாளைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, கர்த்தரின் பதிலுக்காகக் காத்திருப்பவர் எவரேனும் நம்மில் இருந்தால், ஜனவரிவரை காத்திருக்கவேண்டாம். இன்றே அந்தத் தாளோடு வாருங்கள். மதுரையானாலும் வேலூரானாலும் நான் உடன் வருகிறேன்.