ஆற்றின் மேலே ஒரு ராச்சாப்பாடு



விருதுநகர்க்காரிக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் மாவட்டத்தில் ஆறு என்றால் பெரும்பாலும் மணல். கௌசிகா நதி, அர்ச்சுனா நதி, வைப்பாறு என்று பெயர்கள் மட்டும் காவியத்தில் வருகிற மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் நாலு நாள் தண்ணீர் ஓடினால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். அந்த வெயிலும் வறட்சியும் இருப்பதால்தான் சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் காய்கின்றன. எங்கள் பக்கத்து அடுப்பும் எரிகிறது.

அதனாலேயோ என்னவோ, தண்ணீரைக் கண்டால் எங்களுக்கு அப்படி ஒரு ஆசை! பரீட்சை லீவு விட்டதும் தேனி, கம்பம் வழியாகத் தேக்கடி. கொஞ்சம் துணிந்தால் ஆலப்புழை. இப்போது பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் அங்கேயும் போய் வருகிறோம். "படகிலேயே சாப்பாடு, கூடவே கச்சேரி என்கிறார்களே, சின்னக் குழந்தையை அழைத்துக்கொண்டு போகலாமா அக்கா?" என்று வாசகிகள் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் ஏறும்போது அம்மாக்கள் வாய் திறந்து கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தத் தடவை பேனாவை எடுத்தேன்.

என் இளைய மகள் ஹங்கேரி நாட்டுத் தலைநகரில் குடியிருக்கிறாள். நாம் புடாபெஸ்ட் என்கிறோம்; அந்த ஊர்க்காரர் வாயில் அது 'புடாபெஷ்ட்'. டான்யூப் நதிக்கு ஒரு கரையில் குன்றும் மேடுமாகப் புடா, எதிர்க்கரையில் சமதளமாகப் பெஸ்ட். 1873-ல்தான் இரண்டையும், பக்கத்திலிருந்த ஓபுடாவையும் சேர்த்து ஒரே நகரமாக்கினார்கள். சென்ற ஆண்டு செப்டம்பரில் நான் அங்கே போயிருந்தபோது, ஒரு சாயங்காலம் மகள், மாப்பிள்ளை, நாலு வயசுப் பேத்தி, நான் எல்லோரும் விருந்துப் படகில் ஏறினோம்.

படகு என்றால் நம்ம ஊர்த் தோணி இல்லை. கண்ணாடிச் சுவர் வைத்த கல்யாண மண்டபம் ஒன்று தண்ணீரில் மெள்ள நகர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், மூலையில் வாத்தியக்காரர்கள். உட்காருவதற்கு முன்பே நான் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "உயிர்காப்பு மிதவைச் சட்டை எங்கே வச்சிருக்காங்க, குழந்தை அளவு இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன். "அத்தை, இது பெரிய படகு, பயமே இல்லை" என்று சிரித்தார். "பயமில்லே மாப்பிள்ளை. எங்கே இருக்குன்னு தெரிஞ்சா பாட்டை நிம்மதியாக் கேட்பேன், அவ்வளவுதான்." சிப்பந்திப் பையன் முகம் சுளிக்காமல் ஒரு அலமாரியைத் திறந்து காட்டினான். சின்ன அளவும் இருந்தது. மேஜைக்குப் பக்கத்துக் கதவையும் காட்டிவிட்டுப் போனான்.

இருட்டியதும் இரண்டு கரையிலும் மஞ்சள் விளக்கு. பார்லிமெண்ட் கட்டிடம் அப்படியே தண்ணீரில் தலைகீழாக மின்னுகிறது. 1904-ல் கட்டி முடித்தது; அதன் கோபுரம் 96 மீட்டர் உயரம். ஹங்கேரியர்கள் 896-ல் அந்த மண்ணில் வந்து குடியேறியதாகச் சொல்கிறார்கள். அதன் நினைவாகத்தான் அந்த 96. சங்கிலிப் பாலம் 1849-ல் திறந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜெர்மானியப் படை பின்வாங்கும்போது வெடி வைத்துத் தகர்த்ததாம். சளைக்காமல் மறுபடி கட்டி, சரியாக நூறு வருஷம் கழித்து 1949-ல் திறந்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். நான் மிளகாய் மண்டி ஊர்க்காரி அல்லவா! அவர்கள் சமையலுக்கும் உயிர் மிளகாய்தான். பாப்ரிகா என்கிற செக்கச்செவேல் தூள். நிறம்தான் மிரட்டும், காரம் நம் குழம்புத் தூளுக்குக் கால் பங்கு கூட இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி நமக்குப் போர்ச்சுகீசியர் கையாலும், அவர்களுக்குத் துருக்கியர் வழியாகவும் வந்து சேர்ந்தது. அதிலே ஒரு ஆரோக்கிய சமாசாரமும் உண்டு. செகெட் என்ற ஊரில் இருந்த சென்ட்-ஜியோர்ஜி என்ற விஞ்ஞானி, பாப்ரிகா மிளகாயிலிருந்துதான் வைட்டமின் 'சி'யை நிறையப் பிரித்தெடுத்தார். 1937-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்த 'சி' பச்சைக் காயில் இருப்பது. காயப் போட்டால், வெகு நேரம் வேகவைத்தால் பெரும்பங்கு போய்விடும். குடைமிளகாயை மெல்லிசாக அரிந்து தயிர்ப் பச்சடியில் போட்டுக் கொடுங்கள்.

அவர்களுடைய பேர் போன 'குயாஷ்' மாட்டிறைச்சி சூப். வேண்டாதவர்கள் டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். எனக்கு 'லெச்சோ' வந்தது. நம் தொக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை! வீட்டிலும் செய்யலாம். இரண்டு பெரிய வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, அடுப்பைத் தணித்துக் காரம் குறைந்த மிளகாய்த் தூள் ஒரு ஸ்பூன், அரை கிலோ குடைமிளகாய் அல்லது பஜ்ஜி மிளகாய், கால் கிலோ தக்காளி, உப்பு சேர்த்து, தண்ணீர் விடாமல் மூடி வைத்தால் தானே குழைந்து வரும். தோசைக்கும் சப்பாத்திக்கும் ஜோராக இருக்கும். கடைகளில் இதில் கொத்துக்கறி வற்றல் மாதிரி ஒரு இறைச்சியும் சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பாட்டு. முன்னால் நின்று வாசிக்கிற வயலின்காரருக்குப் 'ப்ரீமாஷ்' என்று பெயர். அவருக்குத் துணையாக இன்னொரு வயலின், கிளாரினெட், ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலின். நடுவில் மேஜை போல 'சிம்பலம்'. கம்பிகளின் மேல் இரண்டு குச்சியால் தட்டி வாசிக்கிறார்கள். நம் சந்தூரின் பெரியம்மா என்று வைத்துக் கொள்ளுங்கள். 1874-ல் இதே ஊரில் ஷுண்டா என்ற வாத்தியம் செய்கிறவர் அதற்குக் காலும் மிதியும் வைத்துக் கச்சேரி வாத்தியமாக ஆக்கினாராம். 'சார்தாஷ்' என்ற நடனப் பாட்டு முதலில் தாலாட்டு மாதிரி மெதுவாகத் தொடங்கிப் போகப் போக வேகம் பிடிக்கிறது. பேத்தி நாற்காலியிலேயே குதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நடுவே ஒரு பாட்டில் என் காது நிமிர்ந்தது. சின்ன வயசில் பாட்டு வாத்தியார் சொல்லிக் கொடுத்த சிம்மேந்திர மத்யமம்! ஐரோப்பியர் 'ஹங்கேரிய மைனர்' என்று சொல்லும் சுர வரிசையும் நம்முடைய 57-வது மேளகர்த்தாவும் ஒன்றேதான். நம் கமகம் கிடையாது, நடை வேறே. ஆனால் ஏழு சுரமும் அதே ஏழு. இந்த மாதிரி விருந்துகளில் வாசிக்கிறவர்களில் ரோமா இனத்தார் அதிகம். அவர்கள் முன்னோர் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னே வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பாஷையில் எண்ணினால் யேக், துய், த்ரின் என்றுதான் வருகிறது. யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது எனக்கு.

படகு மார்கரெட் பாலத்தை நெருங்கியபோது மகள் குரலைத் தாழ்த்திக் கொண்டு கரையில் இருந்த ஒரு நினைவுச் சின்னத்தைக் காட்டினாள். 2019 மே 29, மழை கொட்டிய இரவு. 35 பேரோடு போன சிறிய உல்லாசப் படகு ஒன்றை, பின்னால் வந்த பெரிய பயணக் கப்பல் இந்த இடத்தில்தான் இடித்தது. சில விநாடிகளில் மூழ்கிவிட்டது. பிழைத்தவர்கள் 7 பேர். தென் கொரியாவிலிருந்து ஊர் பார்க்க வந்தவர்களே அதிகம்; அதிலே ஆறு வயசுச் சிறுமி ஒருத்தி, அவள் அம்மா, தாத்தா, பாட்டி. மிதவைச் சட்டை அவர்கள் உடம்பில் இல்லை. கப்பல் தலைவருக்கு 2023 செப்டம்பரில் அங்குள்ள நீதிமன்றம் ஐந்தரை வருஷம் சிறை விதித்தது. போன உயிர் வருமா?

அந்தப் படகின் பெயர் 'ஹப்லெயான்'. அர்த்தம் என்ன என்று கேட்டேன். ஜலகன்னி என்றாள். எனக்கு உடம்பு ஒரு தடவை சிலிர்த்துப் போயிற்று. ஏன் தெரியுமா? நம் தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 சாயங்காலம் கவிழ்ந்ததே, 45 பேரை வாரிக் கொண்டு போனதே, நம் தமிழ்நாட்டார் பலர் இருந்தார்களே, அந்தப் படகின் பெயர் 'ஜலகன்யகா'. அதே ஜலகன்னி! கரையில் நின்ற மிருகங்களைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்து சாய்ந்ததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். பெயரில் தோஷம் ஒன்றும் இல்லை. இரண்டு படகிலும் தண்ணீரில் விழுந்தவர்களைத் தாங்கிப் பிடிக்க உடம்பில் ஒன்றும் இல்லை, அதுதான் தோஷம்.

2023 மே 7-ம் தேதி கேரளத்துத் தானூரில் நடந்ததும் ஞாபகம் இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மேல் ஆள் ஏற்றிக் கொண்டு போன இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒரே குடும்பத்தில் 11 பேர்.

ஊர் திரும்பியதும் சிவகாசியில் இருக்கும் என் மதினியிடம் இதைச் சொன்னேன். பட்டாசு ஆலையில் பல வருஷம் கணக்கு எழுதியவர்கள். "இது நம்ம ரூல்தானேத்தா" என்றார்கள். "மருந்து வேலை செய்யிற அறையிலே நாலு பேருக்கு மேலே இருக்கக் கூடாதுன்னு சட்டம். அஞ்சாவது ஆள் உள்ளே வந்தா முதல் ஆள் வெளியே போகணும். தீ வராம இருக்கிறதுக்கு மட்டும் இல்லே. வந்தா நாலு பேரும் கதவுக்கு ஓட முடியணும், அதுக்குத்தான்." எவ்வளவு சரியான பேச்சு! 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி விபத்தில் சுமார் 40 பேரை இழந்த பூமி இது. உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடியவர்களும் அதில் மாண்டார்கள். கூட்டம் என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நெருப்பில் கற்றதைத் தண்ணீரில் மறக்கலாமா?

ஆகையால் சகோதரிகளே, படகில் ஏறுமுன் இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்க வேண்டும். படித்துப் பாருங்கள்; தலைகளை எண்ணுங்கள். அதிகமானால் இறங்கிவிடுங்கள். கட்டின பணம் போனால் போகட்டும்.

இரண்டாவது, சின்னப் படகு, திறந்த படகு என்றால் கிளம்புமுன் எல்லோரும் மிதவைச் சட்டை போட்டே ஆக வேண்டும். பெரியவர் சட்டை குழந்தைக்கு ஆகாது. தண்ணீரில் விழுந்தால் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். கொக்கிகளை மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அளவு பெரிது. கால் இடுக்கு வழியாக வார் இருப்பது குழந்தைகளுக்கு நல்லது. மூடிய பெரிய படகில், சட்டை எங்கே இருக்கிறது, கதவு எது என்று தெரிந்து கொண்டு உட்காருங்கள்.

மூன்றாவது, ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். எல்லோரும் பார்த்துக் கொள்வார்கள் என்று விட்ட குழந்தையை யாருமே பார்ப்பதில்லை. போட்டோ எடுக்கிறேன் என்று அத்தனை பேரும் ஒரே பக்கம் எழுந்து போகாதீர்கள்.

நாலாவது, மழை, பெருங்காற்று, பொழுது சாய்ந்தபின் சிறிய படகு, மூன்றும் வேண்டாம். அடுத்த நாள் போனால் என்ன குறைந்துவிடும்? அதே புடாபெஸ்டில் ஆகஸ்ட் 20 தேசத் திருநாளில் நதியின் மேல் பெரிய வாணவேடிக்கை நடக்கும். 2006-ல் வேடிக்கை நடக்கும்போதே புயல் அடித்து 5 பேர் இறந்தார்கள். 2022-ல் வானிலைக்காரர்கள் எச்சரித்ததும் ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். அன்றைக்குப் புயல் வரவில்லைதான். வராத புயலுக்குத் தள்ளி வைத்ததால் ஒரு தாயும் அழவில்லையே!

வாந்தி வருகிற உடம்பானால் படகின் நடுப்பாகத்தில் உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பார்க்கட்டும். ஏறுமுன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். முந்தானையை இழுத்துச் செருகிக் கொள்ளுங்கள்.

இதிலே எது கஷ்டம் என்று நினைக்கிறீர்கள்? சட்டை மாட்டுவதா, எண்ணுவதா? இல்லை. வாய் திறந்து கேட்பதுதான் நமக்குக் கஷ்டம். "சும்மா இரு, நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று அடக்கியே பழக்கிவிட்டார்கள். பயந்தாங்கொள்ளி என்று சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வீட்டில் கேஸ் மூடியிருக்கிறதா என்று படுக்குமுன் பார்க்கிற நமக்கு, படகில் பார்க்க மட்டும் என்ன வெட்கம்?

லீவுக்குக் கிளம்புகிறவர்கள் குஷியாகப் போய் வாருங்கள். ஆற்றுக் காற்றும் பாட்டும் அலுக்கவே அலுக்காது. திரும்பி வந்து, படகுக்காரரிடம் என்ன கேட்டீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள்.