செடி சாகலைங்க, தூங்குது! (ராசி பேசுறவங்களுக்கு ஒரு கேள்வி)

டிஸ்கி: கொஞ்சம் சூடான பதிவு. தோட்டப் பதிவு போடுற அண்ணன்கள், அக்காக்கள் யாரையும் பேர் சொல்லித் திட்டப் போறதில்ல. படிக்கும்போது எங்கயாவது சுருக்குனு குத்துச்சுன்னா கம்பெனி பொறுப்பில்ல :-)

கொஞ்ச நாளா எந்தத் தோட்டப் பதிவைத் திறந்தாலும் அந்த ஊதா செடிதான் சிரிக்குது. காம்பு உச்சியில மூணு மூணா முக்கோண இலை. பார்க்க பட்டாம்பூச்சி கூட்டமா வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆக்ஸாலிஸ் ட்ரையாங்குலாரிஸ்னு பேரு. நம்ம ஊர் புளியாரைக்கு பிரேசில்ல இருக்கிற ஒண்ணுவிட்ட தங்கச்சி. அழகுதான், மறுக்கல. படத்துக்குக் கீழ எழுதுறீங்க பாருங்க, அதுதான் பிரச்சினை. "அதிர்ஷ்டச் செடி. பராமரிப்பே வேண்டாம். தினமும் ஒரு டம்ளர் தண்ணி போதும். செழிச்சு வளர்ந்தா வீட்டுக்கு நல்லது."

அப்போ செழிச்சு வளரலைன்னா வீட்டுக்குக் கெட்டதா? யார் வீட்டுல? யாரால? இந்தக் கேள்வியை நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. எங்க வீட்டுல கேட்டாங்க.

போன வருஷம் தை மாசம் அண்ணனுக்குக் கல்யாணம். அண்ணிக்கு ஏதாவது வித்தியாசமா குடுக்கணும்னு பெங்களூர்ல ரோட்டோர நர்சரி ஒண்ணுல இந்தச் செடியை 250 ரூபாய்க்கு வாங்கி, ராத்திரி வண்டியில மடியிலயே வச்சு சீர்காழி கொண்டு வந்தேன். "அண்ணி, இது அதிர்ஷ்டச் செடி, நல்லா பார்த்துக்கங்க"னு பெரிய மனுஷத்தனமா சொல்லித்தான் குடுத்தேன். அந்த வார்த்தையை எங்க படிச்சேன்னு கேக்காதீங்க. உங்கள்ல யாரோ எழுதினதுதான்.

அண்ணிக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பொழுது சாய்ஞ்சா இலையெல்லாம் குடை மடக்குன மாதிரி மடங்கிடும், காலையில விரிஞ்சுடும். "தம்பி, இது தூங்குது தெரியுமா?"ன்னு போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

சித்திரை வந்துச்சு. இலை ஓரம் கருகுச்சு, காம்பு துவண்டுச்சு. அண்ணி பயந்து போய் ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினாங்க. பத்தே நாள்ல தொட்டியில வெறும் மண்ணுதான். எதிர்வீட்டு அத்தை வந்து பார்த்துட்டு, "சில பேர் கைக்கு ராசி கிடையாது. செடியே தங்கலையே..."ன்னு இழுத்தாங்களாம். அந்த "செடியே"வுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. அம்மா ஒண்ணும் சொல்லல. நானாவது பேசினேனா? போன்ல, "உங்க கையில குடுத்தேன் பாருங்க அண்ணி"ன்னு ஜோக் அடிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அண்ணி முல்லைக் கொடிக்குக்கூடத் தண்ணி ஊத்தலைன்னு அம்மா சொன்னது ஆடி மாசம்தான் என் காதுக்கு வந்துச்சு.

செடி செத்துச்சா? அதுதான் இல்ல!

இந்தச் செடிக்கு மண்ணுக்குள்ள செதில் செதிலா சின்ன கிழங்கு இருக்கு. அதுதான் செடியோட உயிர். இலைங்கிறது அது வெயில் பார்க்க வெளியே நீட்டுற கை. 15-லேர்ந்து 25 டிகிரி வரைக்கும் சுகமா இருக்கும். 27-ஐத் தாண்டி நாள்கணக்கா நீடிச்சா, "போங்கடா"ன்னு இலையை உதிர்த்துட்டு கிழங்குக்குள்ள போய்ப் படுத்துக்கும். சீர்காழி சித்திரையில பகல்ல 38 டிகிரியைத் தாண்டுற நாளும் உண்டு. ராத்திரியும் புழுக்கம். பெங்களூர்ல ஜோரா இருந்த செடி இங்க வந்து தூங்காம என்ன செய்யும்? தூங்குற செடிக்கு ரெண்டு வேளை தண்ணி ஊத்தினா கிழங்கு அழுகும். அண்ணி ஊத்தினது பாசத்துல. ஊத்தச் சொன்னது "தினமும் ஒரு டம்ளர்" ஆசாமிங்க.

இதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. மஞ்சள் செடி தையில காய்ஞ்சு விழுந்தா "ஐயோ ராசி போச்சு"ன்னு யாராவது ஒப்பாரி வைக்கிறோமா? மண்ணைத் தோண்டிக் கிழங்கை எடுக்கறோம். கருணையும் செங்காந்தளும் இதே கேஸ்தான். அவ்வளவு ஏன், எங்க ஊர் வயலே அப்படித்தான். சித்திரையில வெடிச்சுப் பாளம் பாளமா கிடக்கும். வயல் செத்துப் போச்சுன்னா சொல்றோம்? ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாங்களா, கடைமடைக்குத் தண்ணி வந்து சேர எத்தனை நாள் ஆகும்னுதான் கணக்குப் போடறோம். தூங்குமூஞ்சி மரம்னு ஒரு மரத்துக்கே பேர் வச்ச ஜனங்க நாம. நமக்கா செடி தூங்கும்னு தெரியாது?

ராத்திரி இலை மடங்குறதும் மாயமந்திரம் இல்ல. இலையடியில ஒரு கணு மாதிரி இருக்கும். அதுல நீர் ஏறுறதும் இறங்குறதும்தான் வேலை. 1880-ல் சார்லஸ் டார்வின் தன் மகன் பிரான்சிஸோட சேர்ந்து செடிகளோட அசைவைப் பத்தி ஒரு புத்தகமே போட்டார். இதே ஆக்ஸாலிஸ் இனத்துச் செடிகளோட இலையை மூட விடாம தக்கையில குத்தி வச்சு, குளிர் ராத்திரியில வெளியே விட்டுப் பார்த்தார். மூட முடியாத இலைங்கதான் அதிகமா அடிபட்டுச்சு. ஆக, தூக்கம்கிறது செடியோட தற்காப்பு. அதைத்தான் நாம தோஷம்னு சொல்றோம்.

சரி, இந்த "அதிர்ஷ்டம்" எங்கேர்ந்து வந்துச்சு? அயர்லாந்துக்காரங்களுக்கு ஷாம்ராக்னு மூணு இலைச் செடி ஒண்ணு விசேஷம். உண்மையில அது க்ளோவர், பயறு குடும்பம். க்ளோவர்ல அபூர்வமா நாலு இலை வந்தா அதிர்ஷ்டம்னு அங்க ஒரு நம்பிக்கை. ஆக்ஸாலிஸ் பார்க்க அதே ஜாடையில இருக்கறதால வியாபாரிங்க அந்தப் பேரை இதுக்கு ஒட்டிட்டாங்க. ஆக, இந்த அதிர்ஷ்டமே இரவல். நாலு இலைக்குத்தான் அதிர்ஷ்டம்னா, எங்க ஊர் வாய்க்கால்ல, வயல்ல கிடக்கிற ஆரைக்கீரைக்கு எப்பவுமே நாலு இலைதான். அந்தக் கணக்குப்படி காவிரி டெல்டாவுல அத்தனை பேரும் கோடீஸ்வரன். கூட்டுறவு சங்கத்துல எதுக்குங்க கியூ நிக்கறோம்?

"நம்பிக்கைதானே, விட்டுடுங்களேன்"னு பின்னூட்டத்துல சொல்ல வர்றீங்க, தெரியும். செடி வச்சவன் ஆம்பளைன்னா "வெயில் ஓவர்ப்பா, போயிடுச்சு"ம்பாங்க. புதுசா வந்த பொண்ணு வச்சிருந்தா "கை ராசி". ஒரே செடி, ஒரே வெயில், தீர்ப்பு மட்டும் ரெண்டு. இந்த நம்பிக்கைக்கு பில் யார் பேருக்கு வருதுன்னு பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க.

இதுல இன்னொரு கூத்து. அதே தொட்டியில, ஊதா செடி போன பிறகும் புளியாரை ஜம்முனு முளைச்சு நின்னுச்சு. குட்டி குட்டியா மஞ்சள் பூ. காய் முத்துனா டப்புனு வெடிச்சு விதையைத் தூர எறியும். 2022 நவம்பர் 11-ல் சீர்காழியில ஒரே நாள்ல 44 செ.மீ. மழை கொட்டுச்சே, அந்தத் தண்ணி வடிஞ்ச பிறகு எங்க கொல்லையில முதல்ல தலை காட்டுனதும் இதுதான். விலை கிடையாது, பராமரிப்பு கிடையாது. அதைக் "களை"ன்னு பிடுங்கிப் போட்டுட்டு தங்கச்சியை 250 ரூபாய்க்கு வாங்குறோம். புளியாரைத் துவையல் தெரியாதவங்க அம்மாவைக் கேளுங்க (சிறுநீரகக் கல் இருக்கிறவங்க மட்டும் தள்ளி நில்லுங்க, ஆக்ஸாலிக் அமிலம் ஜாஸ்தி). வெளிர்நீலத்துல ஒரு குட்டிப் பட்டாம்பூச்சி புல்லுக்கு மேல தாழப் பறக்குமே, அதோட புழுவுக்கு இதுதான் சாப்பாடு. 2011 புகுஷிமா அணு உலை விபத்துக்கு அப்புறம் ஜப்பான்காரங்க அந்தப் பட்டாம்பூச்சியை வச்சுத்தான் கதிர்வீச்சு பாதிப்பை ஆராய்ச்சி பண்ணாங்க. புழுவுக்குத் தின்னக் குடுத்ததும் இதே புளியாரை இலைதான்.

அதுக்காக ஊதா செடியை வளர்க்காதீங்கன்னு சொல்லல. வளர்க்கறதுன்னா ஒழுங்கா வளர்க்கணும். நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்:

1. காலை வெயில் மட்டும் படுற இடம். மதிய வெயில் கூடவே கூடாது.

2. நம்ம ஊர்க் களிமண் மட்டும் போட்டா கிழங்கு அழுகும். பாதிக்கு மணலும் மக்கின எருவும் கலந்துக்கங்க. தொட்டி அடியில ஓட்டை கண்டிப்பா வேணும். கிழங்கை ஒரு அங்குல ஆழத்துல வைங்க.

3. மேல்மண் காய்ஞ்ச பிறகுதான் தண்ணி. தினமும் ஒரு டம்ளர் கதையெல்லாம் வேண்டாம்.

4. சித்திரையில துவண்டா பதறாதீங்க. இலையை நறுக்கிட்டு, தண்ணியை நிறுத்திட்டு, தொட்டியை நிழல்ல ஓரமா வச்சுடுங்க. மழை பெய்ஞ்சு குளிர ஆரம்பிச்சதும் லேசா தண்ணி தெளிங்க.

5. தரையில வைக்காதீங்க, தொட்டியிலயே இருக்கட்டும். இதே இனத்துல ரோஸ் பூ பூக்குற ஆக்ஸாலிஸ் லாட்டிஃபோலியா நீலகிரியில களையா பரவித் தோட்டக்காரங்க படுற பாடு போதும். ஆடு, மாடு, பூனை வாய்க்கும் எட்டக் கூடாது.

கதைக்கு வர்றேன். அந்தத் தொட்டி மண்ணை அம்மா கிணத்தடியில கொட்டியிருந்தாங்க. ஐப்பசி மழையில ஒரு நாள் அண்ணிகிட்டேர்ந்து ஒரு போட்டோ வந்துச்சு. கூட ஒரு வார்த்தை கிடையாது. பாசி பிடிச்ச செங்கல் பக்கத்துல மூணே மூணு ஊதா இலை. நான் ஆபீஸ்ல உட்கார்ந்துகிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துகிட்டு இருந்தேன். அப்புறம் போன் போட்டு, "அண்ணி, அன்னிக்கு நான் அடிச்ச ஜோக்குக்கு மன்னிச்சுக்கங்க"ன்னேன். "எந்த ஜோக் தம்பி?"ன்னாங்க. ஞாபகம் இல்லாமலா இருக்கும்?

எதிர்வீட்டு அத்தையும் வந்து பார்த்தாங்களாம். "பரவால்லையே, இப்ப ராசி வந்துடுச்சு போல"ன்னாங்களாம். அதுக்கு அண்ணி, "ராசியெல்லாம் இல்ல அத்தை, கிழங்கு இருந்துச்சு, மழை பெஞ்சுச்சு"ன்னு சொல்லியிருக்காங்க. இதைத்தான் நான் இவ்வளவு நீட்டி முழக்கியிருக்கேன், அவங்க ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

அதனால சக பதிவர்களே, அடுத்த தடவை ஊதா இலை படம் போடும்போது அந்த "அதிர்ஷ்டம்" வரியைத் தூக்கிட்டு, அந்த இடத்துல "வெயில் காலத்துல தூங்கும், பயப்படாதீங்க"ன்னு எழுதுங்க. எங்கயாவது ஒரு வீட்டுல ஒரு பொண்ணு அதைப் படிச்சா போதும்.

பி.கு: கிழங்கு கொஞ்சம் உபரியா இருக்கு. பொங்கலுக்கு ஊருக்கு வருவேன், சீர்காழி பக்கம் வர்றவங்களுக்கு இலவசம். ஆனா "அதிர்ஷ்டம்"னு வாயைத் திறந்தா புளியாரைதான் குடுப்பேன் :-)