காலி வண்டி

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜகிரி உச்சிவரை ஏறி, முழங்கால் வலியோடு திரும்புவார்கள். நான் அடிவாரத்து நெற்களஞ்சியத்தோடு நிறுத்திக்கொண்டேன். சரித்திர ஆர்வம் இல்லை, வயசு.

2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை இது. 1690-லிருந்து 1698 வரை மொகலாயப் படை முற்றுகை போட்டது. நடுவில் ஒரு வேடிக்கை. 1692 கடைசியில் மராட்டியக் குதிரைப்படை தானிய வரத்தை மறிக்க, முற்றுகை போட்டவர்களுக்கே சோற்றுப் பஞ்சம்! வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். பீரங்கி இருந்து என்ன, மூட்டை வந்து சேர வேண்டாமா?

மூட்டைக் கவலை இன்னும் தீரவில்லை. கடைத்தெருவில் டீ குடிக்கும்போது ஒரு லாரி டிரைவர் சொன்னார்:

"நேத்து மெட்ராஸுக்கு நெல்லு ஏத்திட்டுப் போனேன் சார். ரிட்டர்ன் லோடு கெடைக்கலை. காத்துக் கெடந்தா சாப்பாட்டுச் செலவு. எம்ட்டியாவே வந்துட்டேன். போன வாடகையில பாதி, வந்த டீசலுக்கே சரி."

கணக்குப் போட்டேன். சுமார் 150 கிலோமீட்டர். காலி வண்டி லிட்டருக்கு ஐந்து ஓடினால் 30 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. ஆக, 80 கிலோ. வண்டி காலியாக வரவில்லை ஐயா, ஒரு நெல் மூட்டை எடைக்குப் புகையை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறது!

இதில் கொடுமை என்னவென்றால், பக்கத்து பெஞ்சில் இன்னொரு டிரைவர். செஞ்சிக் கடைக்கு உரம் ஏற்றிவர, மெட்ராஸுக்குக் காலியாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நல்ல பழக்கம். சரக்குக்குத்தான் பழக்கமில்லை.

"போன்ல பார்க்கக் கூடாதா?" என்றேன்.

"ஆப்பு இருக்கு சார். லோடு எங்கேன்னு காட்டும். வாடகை எப்ப கைக்கு வரும்னு காட்டாது."

நியாயம்தான். உரம் ஏற்றிய வண்டியைக் கழுவாமல் அரிசி ஏற்ற முடியாது என்பதும் நியாயம். 2022-ல் மத்திய அரசு தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையே வெளியிட்டது. செஞ்சிக்கு அவ்வளவு பெரிசாக வேண்டாம். நாளைக்கு என்ன சரக்கு வெளியே போகிறது, என்ன உள்ளே வருகிறது என்று மார்க்கெட் வாசலில் ஒரு கரும்பலகை. இறக்கிய இடத்திலேயே வாடகை. இது போதும், பாதிப் புகை குறையும் என்று நினைக்கிறேன்.

டீ காசை நீட்டினேன். உர டிரைவர் தடுத்தார்.

"இருக்கட்டும் சார். எந்தப் பக்கம்?"

"திண்டிவனம்."

"ஏறுங்க. ஒரு எழுபது கிலோ தேறுவீங்க இல்ல?"